சரக்கின் நிறமும் படத்தின் நிறமும்



"செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா?" என்று நம் முன்னோர் கேட்டார்கள். இன்று அதோடு மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: படம் முறுக்கா? கடம்பத்தூர், மணவாளநகர், பேரம்பாக்கம் வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம்மவர்கள் பலர், சரக்கின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆர்டர் எடுக்கிறார்கள். பொட்டலத்தில் மாதிரி கொடுத்தனுப்பிய மொத்த வியாபாரிகளும், பருப்பையும் மிளகாயையும் செல்போனில் படம் பிடித்து அனுப்பி விலை பேசுகிறார்கள்.

இதனால் இரண்டு விதமான நட்டம் ஏற்படுகிறது. நல்ல சரக்கை வைத்துக்கொண்டு மங்கலான படத்தை அனுப்புகிறவர் ஆர்டரை இழக்கிறார். சுமாரான சரக்கைப் பளபளப்பான படமாக்கி அனுப்புகிறவர் ஆர்டரைப் பெறுகிறார்; ஆனால் மூட்டை பிரித்த அன்றே பெயரை இழக்கிறார். இரண்டையும் தவிர்க்க, படத்தின் ஒளியையும் நிறத்தையும் திருத்தும் முறையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அது கடினமான வித்தை அல்ல. தராசைச் சரிபார்ப்பது போன்ற வேலைதான்.

இதற்கு அளவுகோல் ஒன்றே. கடை வாசலில், பகல் வெளிச்சத்தில், கையில் அள்ளிப் பார்த்தால் சரக்கு எப்படித் தெரியுமோ அப்படியே படத்திலும் தெரிய வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

திருத்தம் புதிதல்ல

"கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் படத்தை மாற்றுகிறார்கள்" என்று சிலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. பிலிம் காலத்திலேயே ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் "டச்சப்" செய்தார்கள்; கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். உதகமண்டலத்தில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இப்போது உற்பத்தி நின்றுவிட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம், "இந்து" என்ற பெயரில் பிலிமும் போட்டோ காகிதமும் தயாரித்தது. அக்காலத்துப் போட்டோ காகிதங்களில் மென்மை, நடுத்தரம், கடினம் எனத் தரங்கள் உண்டு. நெகட்டிவ் வெளிறியிருந்தால் இருட்டறையில் கடினமான காகிதத்தைத் தேர்ந்தெடுத்துக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கூட்டுவார்கள். இன்று செல்போனில் "கான்ட்ராஸ்ட்" என்ற பெயரில் விரலால் நகர்த்துவதும் அதே வேலைதான்.

1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவின் படத்தில் 100-க்கு 100, அதாவது 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயின. 1990-இல் போட்டோஷாப் மென்பொருள் விற்பனைக்கு வந்தபோது, இருட்டறை வேலை மேசைக்கு வந்தது. இப்போது அது நம் சட்டைப் பையில் இருக்கிறது.

கேமரா எங்கே ஏமாறுகிறது?

டிஜிட்டல் படம் என்பது எண்களின் கணக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. இந்த எண்களைக் கொண்டு சுமார் 1 கோடியே 67 லட்சம் நிறங்களைக் குறிக்கலாம். படத்தைத் திருத்துவது என்பது இந்த எண்களைக் கூட்டிக் குறைப்பதே ஆகும்.

கேமரா இரண்டு இடங்களில் ஏமாறுகிறது.

முதலாவது, வெளிச்சத்தின் அளவு. எதிரே இருப்பது சராசரியான சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடுவது கேமராவின் பழைய வழக்கம். சட்டம் முழுவதும் பச்சரிசியை நிரப்பிப் படம் எடுத்தால், "வெளிச்சம் மிகுதி" என்று நினைத்துக் குறைத்துவிடும்; அரிசி பழுப்பேறியது போலத் தெரியும். சட்டம் முழுவதும் மிளகை நிரப்பினால் நேர்மாறாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மிளகு சாம்பல் பூத்துத் தெரியும். இன்றைய செல்போன்கள் முன்பைவிடக் கெட்டிக்காரத்தனமானவை என்றாலும், இந்தக் குணம் முற்றிலும் போகவில்லை.

இரண்டாவது, வெளிச்சத்தின் நிறம். குண்டு பல்பின் ஒளி மஞ்சள் சார்ந்தது. அளவில் சுமார் 2,700 கெல்வின். நண்பகல் ஒளி சுமார் 5,500 கெல்வின். கடைகளில் நாம் மாட்டும் "கூல் டேலைட்" எல்.இ.டி. விளக்கு 6,500 கெல்வின். அது நீலம் சார்ந்தது. நம் கண் இந்த வேறுபாட்டைத் தானே சரிசெய்து கொள்ளும். கேமரா ஊகித்துத்தான் சரிசெய்யும். சட்டம் முழுவதும் துவரம் பருப்பாக இருந்தால், "விளக்குதான் மஞ்சள் போலும்" என்று தவறாக ஊகித்து நீலத்தைச் சேர்த்துவிடும். நல்ல பருப்பு வெளிறித் தெரிவதன் காரணம் பல நேரங்களில் இதுவே.

எடுக்கும்போதே பாதி வேலை

எடுக்கும்போது கெட்ட படத்தைத் திருத்துவது, வண்டு விழுந்த பருப்பைப் புடைப்பது போலத்தான். கொஞ்சம் தேறும், முழுதும் தேறாது. ஆகவே படம் எடுக்கும்போதே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

கல்லாவில் இருந்த கையோடு செல்போனை எடுக்கிறோம். எண்ணெய்ப் பிசுக்கு லென்ஸில் படிந்தால் படம் முழுதும் புகை மூடியது போல ஆகிவிடும். முதலில் லென்ஸைச் சுத்தமான துணியால் துடையுங்கள். சரக்கை வாசல் பக்கம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் வையுங்கள். ஒரே நேரத்தில் பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் விழ வேண்டாம். இரண்டு நிறம் கலந்தால் எந்தத் திருத்தமும் முழுதாகப் பலிக்காது. சரக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். கேமராவுக்கும், பிறகு திருத்தும்போது நமக்கும் அந்தத் தாளே சாட்சி. பிளாஸ்டிக் பாக்கெட்டைச் சற்றுச் சாய்த்து வைத்தால் பளிச்சென்ற ஒளித் தெறிப்பு விலகும். தெறிப்பு விழுந்த இடத்தில் எண்கள் 255-ஐத் தொட்டுவிடும். அங்கே என்ன அச்சிட்டிருந்தது என்பதைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

திருத்தும் வரிசை

கூகுளின் "ஸ்நாப்சீட்" போன்ற இலவசச் செயலியோ, செல்போனோடு வரும் படத்திருத்தியோ போதும். கம்ப்யூட்டர் வைத்திருப்போருக்கு "கிம்ப்" என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எதில் செய்தாலும் வரிசை முக்கியம்.

1. நகல்: மூலப் படத்தைத் தொடாதீர்கள், நகலில் திருத்துங்கள். சாதாரண ஜேபெக் படத்தை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தரம் குறையும். செல்போன் திரையில் "விவிட்" அமைப்பு இருந்தால் "நேச்சுரல்" என்று மாற்றுங்கள். இரவில் கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். தராசே கோணலாக இருந்தால் எடை எப்படிச் சரியாகும்?

2. வெளிச்சம்: "எக்ஸ்போஷர்" அல்லது "பிரைட்னஸ்" என்றிருக்கும். வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரியும் வரை கூட்டுங்கள். தாள் கண் கூசும் அளவுக்குப் போனால் சற்றுக் குறையுங்கள். படத்தின் எண்கள் எங்கே குவிந்துள்ளன என்று காட்டும் "ஹிஸ்டோகிராம்" வரைபடம் இருந்தால், மேடு வலது ஓரத்தில் முட்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வெள்ளைச் சமன்: "ஒயிட் பேலன்ஸ்", "வார்ம்த்" என்ற பெயர்களில் இருக்கும். வெள்ளைத் தாள் நீலம் பாய்ந்திருந்தால் மஞ்சள் பக்கமும், மஞ்சளாக இருந்தால் நீலப் பக்கமும் நகர்த்துங்கள். பழைய டியூப் லைட்டில் எடுத்த படத்தில் பச்சைச் சாயல் வரலாம்; "டின்ட்" என்பதை இளஞ்சிவப்புப் பக்கம் நகர்த்தினால் அது மறையும். தாள் வெள்ளையானால் சரக்கின் நிறம் தானே சரியாகிவிடும். பெரும்பாலான படங்களுக்கு இதற்கு மேல் நிறத்தில் கை வைக்கத் தேவையிருக்காது.

4. கான்ட்ராஸ்ட்: வெளிச்சமான இடத்துக்கும் இருண்ட இடத்துக்கும் உள்ள இடைவெளி இது. ஒரு பருப்பின் மேற்பகுதி 150, அதன் நிழல் 100 என்றால் வேறுபாடு 50. கான்ட்ராஸ்டைக் கூட்டினால் அது 175, 75 என்று ஆகி, வேறுபாடு 100 ஆகும். பருப்பு தனித்தனியாக எடுப்பாகத் தெரியும். மிஞ்சினால் நிழல் எல்லாம் 0 ஆகிக் கறுத்துப் போகும். மேற்பகுதி எல்லாம் 255 ஆகி வெளுத்துப் போகும். வாசல் வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குச் சிறிதளவே போதும்.

5. நிறச் செறிவு: "சாச்சுரேஷன்" என்பது இதுதான். எல்லோரும் முதலில் தொடுவது இதை. கடைசியாகத் தொட வேண்டியதும் இதையே. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். சரக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து, ஒப்புமை வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடித்த பின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடுங்கள். ஸ்நாப்சீட் செயலியில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பழைய படம் தெரியும். அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால், தரம் குறையாமல் சேர வேண்டிய படத்தை "டாக்குமெண்ட்" ஆக அனுப்புவது நல்லது.

நிறமே தரம்

துணிக்கடைக்காரரின் படத்தில் சேலை நிறம் சற்று மாறினால் வாங்குபவருக்கு ஏமாற்றம், அவ்வளவே. மளிகையில் அப்படியல்ல. இங்கே நிறம் என்பது ரகத்தையும், வயதையும், பக்குவத்தையும் சொல்லும் அடையாளம். நிறத்தை மாற்றினால் தரத்தையே மாற்றிச் சொன்னதாகும்.

அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைப்பதால் புழுங்கல் அரிசிக்கு இயல்பாகவே இளமஞ்சள் சாயல் உண்டு. படத்தில் அதை வெளுத்துக் காட்டினால், பார்ப்பவர் பச்சரிசி என்று எண்ணுவார். பழைய அரிசி புதியதைவிடச் சற்று நிறம் மங்கியிருக்கும். ஆனால் சோறு உதிரியாக வரும் என்பதால் அதற்கு விலை அதிகம். அதை வெளுத்துக் காட்டுகிறவர் தம் சரக்கின் மதிப்பைத் தாமே குறைத்துக்கொள்கிறார். இருட்டில் எடுத்த அரிசிப் படத்தை வலிந்து வெளிச்சமாக்கினால் புள்ளி புள்ளியாக ஒரு கசடு தோன்றும். பார்ப்பவருக்கு அது கறுப்பு அரிசி கலந்தது போலத் தெரியும். அந்தப் புள்ளிகளை மறைக்க "ஸ்மூத்" செய்தால் நொய்யும் மறைந்துபோகும், அதுவும் தவறு.

மிளகாயில் சாச்சுரேஷனைக் கூட்டினால் சிவப்பின் எண் 255-ஐ முட்டி நிற்கும். அப்போது மிளகாயின் சுருக்கமும், காம்பும், பளபளப்பும் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். குண்டூர் சன்னம் காரத்துக்குப் பெயர் பெற்றது. கர்நாடகத்தின் பேடகி அடர்ந்த நிறத்துக்கும் குறைந்த காரத்துக்கும் பெயர் பெற்றது. சன்னத்தைப் படத்தில் அடர் சிவப்பாக்கினால், பேடகி என்று நம்பி ஒருவர் வாங்கிப் போவார். குழம்பில் காரம் ஏறிய பிறகு நம்மைத் தேடி வருவார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயை வாங்குகிறவர் உருண்டை வடிவத்தையும் இயல்பான நிறத்தையும் பார்த்தே வாங்குகிறார். அதற்குச் சாயம் பூச வேண்டிய தேவை என்ன?

வெல்லத்தின் கதை இன்னும் முக்கியமானது. "ஹைட்ரோஸ்" எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டுப் போட்டு வெளுக்கவைத்த வெல்லம் வெளிர் மஞ்சளாக இருக்கும். வேதிப்பொருள் சேராத வெல்லம் பழுப்பாக இருக்கும். அதைத் தேடி வரும் வாடிக்கையாளர் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல வெல்லத்தைப் படம் எடுத்து, "அழகாக இருக்கட்டும்" என்று வெளுத்து அனுப்பினால், நாமே அதை ஹைட்ரோஸ் வெல்லமாக்கிக் காட்டுகிறோம்.

ஏலக்காயில் பச்சை நிறத்துக்கு விலை உண்டு. போடிநாயக்கனூர் ஏலத்தில் வாங்குகிறவர்கள் காயின் பருமனோடு நிறத்தையும் பார்த்தே விலை கேட்கிறார்கள். படத்தில் பச்சையைக் கூட்டுவது, இரண்டாம் தரத்தை முதல் தரம் என்று எழுதி ஒட்டுவதற்குச் சமம்.

எங்கே நிறுத்த வேண்டும்?

பருப்பில் மெட்டானில் மஞ்சளையும், மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட்டையும், மிளகாய்த் தூளில் சூடான் சாயத்தையும் கலப்பவரை நாம் கலப்படக்காரர் என்கிறோம். 2003-இல் இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருளில் "சூடான் 1" சாயம் பிரான்சில் கண்டறியப்பட்டதும், ஐரோப்பிய நாடுகள் மிளகாய்க்குச் சோதனைச் சான்று கேட்கத் தொடங்கின. கலந்தவர் சிலர், சுமை விழுந்ததோ நாணயமாக ஏற்றுமதி செய்த அனைவர் மீதும். படத்தில் சேர்க்கும் நிறம் உடலுக்குத் தீங்கு செய்யாது என்பது உண்மை. ஆனால் நம்பிக்கைக்குச் செய்யும் தீங்கு ஏறக்குறைய அதே வகையைச் சேர்ந்தது. பத்துக் கடைக்காரர் பொய்ப் படம் அனுப்பினால், பதினோராவது கடைக்காரரின் உண்மைப் படத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தன்மையையோ தரத்தையோ தவறாகக் காட்டும் விளம்பரத்தை நிறுத்தவும் மாற்றவும் வணிகருக்கு உத்தரவிட, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதே மாதம் வெளியான மின் வணிக விதிகள் இன்னும் தெளிவானவை. பிறர் சரக்கை விற்றுத்தரும் தளங்கள், தளத்தில் இடப்படும் விவரமும் படமும் பொருளின் தோற்றம், தன்மை, தரம் ஆகியவற்றோடு நேராகப் பொருந்தும் என்று விற்பவரிடம் உறுதிமொழி பெற வேண்டும். விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள விற்பவர் மறுக்கவும் கூடாது. ஆகவே தளங்களில் சேர்ந்து விற்கும் உறுப்பினர்கள், கையெழுத்திட்ட உறுதிமொழியில் படமும் அடங்கும் என்பதை மறந்துவிடலாகாது.

எது திருத்தம், எது பொய் என்று எப்படிப் பிரிப்பது? கேமரா செய்த தவறைச் சரிசெய்வது திருத்தம். சரக்கில் உள்ள குறையை மறைப்பது பொய். மங்கிய படத்தை வெளிச்சமாக்கலாம். மங்கிய பருப்பை மஞ்சளாக்கக் கூடாது. தாளின் மேல் விழுந்த நிழலை நீக்கலாம். வண்டு அரித்த ஓட்டையை நீக்கக் கூடாது. பாக்கெட்டில் எடை, விலை, 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவை தெளிவாகத் தெரியக் கான்ட்ராஸ்டைக் கூட்டலாம். அவற்றில் ஒன்றையும் அழிக்கக் கூடாது.

மொத்த வியாபாரிகள் கவனத்துக்கு

மாதிரிப் படம் அனுப்பி மூட்டைக் கணக்கில் விற்பவர்கள், வெள்ளைத் தாளை ஓரத்தில் வைத்து எடுத்த படத்தைத் திருத்தாமலே அனுப்புவது நலம். சரக்கைத் தாள் மேல் பரப்பி ஒரு படம், உள்ளங்கையில் அள்ளி ஒரு படம், மூட்டை வாயைத் திறந்து ஒரு படம் என மூன்று போதும். திருத்தியே ஆகவேண்டுமென்றால், திருத்திய படத்தோடு மூலப் படத்தையும் அனுப்புங்கள். வாங்கும் சில்லறை வியாபாரியும் வெள்ளைத் தாள் இல்லாத படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்ய வேண்டாம். பெரிய கொள்முதலுக்கு, முத்திரையிட்ட மாதிரிப் பொட்டலம் ஒன்றை இரு தரப்பும் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். லாரி வந்து நின்ற பின் எழும் சச்சரவைத் தீர்க்கக் கையில் இருக்கும் பொட்டலத்துக்கு ஈடான சாட்சி இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன்

பண்டிகை நோட்டீஸ், சிவகாசிக் காலண்டர், கடைப் பெயர்ப் பலகை ஆகியவற்றுக்கும் நாம் படம் தருகிறோம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு, மையால் காட்டுகிறது. நீலப்பச்சை, ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் திரையில் தெரியும் பளிச்சென்ற பச்சையையும் ஆரஞ்சையும் முழுமையாகக் கொண்டுவர இயலாது. திரையில் நிறத்தை எவ்வளவு ஏற்றினாலும் தாளில் அது மங்கித்தான் விழும். ஆகவே சாச்சுரேஷனை ஏற்றிக் கொடுப்பதைவிட, முதலில் ஒரு மாதிரித் தாள் அச்சிட்டு வாங்கிப் பார்த்து, அதன் பிறகு முழு அச்சுக்கு ஒப்புதல் தருவதே சிக்கனமான வழி.

நிறைவாக ஒரு வார்த்தை. பெரிய கடைகளிடமும் வீடு தேடிச் சரக்குக் கொண்டுவரும் நிறுவனங்களிடமும் பெரிய ஸ்டுடியோவும் விளம்பரப் பணமும் உண்டு. நம்மைப் போன்ற சிறு வணிகர்களிடம் இருப்பது, "அண்ணாச்சி கடையில் படத்தில் பார்த்ததே பையில் வரும்" என்ற பேச்சு ஒன்றுதான். அந்தப் பேச்சைச் சம்பாதிக்க ஒரு வெள்ளைத் தாளும், துடைத்த லென்ஸும், அளவறிந்து நிற்கும் விரலும் போதும்.